பலெர்மோ வீட்டுச் சமையல்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்துக்காரி. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் பதினொரு வருடம் ஒரே வீட்டில் வேலை செய்தேன். தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்களை இங்கே 'படாந்தே' என்பார்கள். பலெர்மோவுக்கு வந்த எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இப்படி வீட்டு வேலைக்கு வந்தவர்கள்தான். அந்த அம்மாவை நான் கடைசிவரை 'சிஞோரா' என்றே கூப்பிட்டேன்.

முதல் சில மாதம் அவர் என்னை அடுப்புப் பக்கம் விடவேயில்லை. அப்புறம் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. குசினிக்குள் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் சமைத்தேன். எனக்குத் தெரிந்த இத்தாலியச் சமையல் முழுவதும் அந்தக் கதிரையிலிருந்து வந்தது. சொந்தக்காரரும் சிநேகிதிகளும் தொலைபேசியில் கேட்பதற்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பாண் என்று எழுதினால் தமிழ்நாட்டவர்கள் பிரெட் என்றும், உள்ளி என்றால் பூண்டு என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் எல்லோரும் ஒரே மாதிரியா சமைக்கிறார்கள்?

இல்லவே இல்லை. இத்தாலி ஒரே நாடானதே 1861இல்தான். அதற்கு முன்னால் தனித்தனி அரசுகள். அடுப்பங்கரைகள் இன்றும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. வடக்கே வெண்ணெய், அரிசி, சோளமாவில் கிண்டும் 'பொலெந்தா' என்ற களி. அந்தக் களிக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வெனெட்டோ, லொம்பார்டியா பக்கத்து ஏழை விவசாயிகள் வேறு வழியில்லாமல் அதை மட்டுமே தின்றார்கள். நியாசின் சத்துக் குறைந்து, பெல்லக்ரா என்ற நோய் வந்து ஏராளமானவர்கள் செத்துப்போனார்கள். பொலோஞாவில் 100 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை என்று பிசைந்து, நீளமான உருட்டுக்கட்டையால் தேய்த்துப் பாஸ்தா செய்வார்கள். தெற்கே வந்தால் பெரும்பாலும் முட்டை கிடையாது. கடினக் கோதுமை ரவையும் தண்ணீரும் போதும்.

2025 டிசம்பரில் யுனெஸ்கோ இத்தாலியச் சமையலை மொத்தமாகவே மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. டெல்லியில் நடந்த கூட்டம் அது. தீபாவளியும் அதே கூட்டத்தில்தான் பட்டியலில் ஏறியது. இரண்டு செய்தியும் ஒன்றாக வந்தபோது சிஞோரா இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

பாஸ்தாவை மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தது உண்மையா?

இல்லை. அவர் ஊர் திரும்பியது 1295இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னால், 1154இல், சிசிலி மன்னர் இரண்டாம் ரொஜரின் அவையில் இருந்த அரபுப் புவியியலாளர் அல் இத்ரிசி, பலெர்மோவுக்குக் கிழக்கே உள்ள த்ராபியா என்ற ஊரில் மாவை இழையாக்கிக் காயவைத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

பலெர்மோ 831இல் அரபுக்காரர் கைக்குப் போனது. கரும்பு, தோடம்பழம் (ஆரஞ்சு), நெல், கத்தரிக்காய் எல்லாம் சிசிலிக்கு அவர்கள் வழியாக வந்தவை என்பார்கள். இங்கே பாணின் மேல் தூவும் எள்ளுக்கு 'ஜுஜுலேனா' என்று பெயர். நல்லெண்ணெயை ஆங்கிலத்தில் 'ஜிஞ்சிலி' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து கிளம்பியவை.

அளவு கேட்டால் ஏன் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

எனக்கே யாரும் சொல்லவில்லை. இத்தாலியச் சமையல் குறிப்புகளில் 'கு.பி.' என்று இரண்டு எழுத்து வரும். 'போதுமான அளவு' என்று அர்த்தம். சிஞோரா அதைக்கூடச் சொல்லமாட்டார். உப்புப் போடும்போது என் கையைப் பார்ப்பார். கை சட்டிக்கு மேல் நின்றால், "இன்னும்" என்பார். மூன்று விரல் மடங்கியதும், "சரி". கண் மங்கிய பிறகு வெங்காயம் வதங்கும் சத்தத்தைக் கேட்டே, "தீயைக் குறை" என்றார். ஆனாலும் கேட்பவர்களுக்காக நான் எடை பார்த்து வைத்த அளவுகளைக் கீழே தருகிறேன்.

பாஸ்தாவைக் குழையாமல் வேகவைப்பது எப்படி?

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு போடுங்கள். எண்ணெய் விடாதீர்கள். பெட்டியில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும். வடிக்கும்போது ஒரு கோப்பை தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குழம்போடு பிரட்டும்போது தேவைப்படும். அவ்வளவுதான்.

பாஸ்தாவின் மேல் சீஸ் இல்லாமல் ஏதோ பழுப்பாகத் தூவுகிறீர்களே, அது என்ன?

பாண்தூள். 'மூத்திக்கா' என்பார்கள். சீஸ் வாங்கக் காசில்லாத வீடுகளில் அதற்குப் பதிலாகப் பழைய பாணைத் துருவி, வறுத்துத் தூவினார்கள். இன்று சீஸ் வாங்க வழியுள்ள வீட்டிலும் சில பாஸ்தாக்களுக்கு இதுதான். அதன் ருசிக்கு நாக்கு பழகிவிட்டது.

செய்வது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் கவனம் முழுவதும் அதில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளான பாணைத் துருவலில் துருவுங்கள். அடி கனத்த தாச்சியைச் சிறு தீயில் வைத்து, ஒரு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய் விட்டு, தூளைப் போட்டு மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். முதல் மூன்று நான்கு நிமிடம் ஒன்றும் நடக்காது. தூள் எண்ணெயைக் குடித்து ஈர மணல் மாதிரிக் கட்டி கட்டியாக நிற்கும். அப்புறம் கட்டிகள் தானாக உதிரும், கரண்டி படும் சத்தம் மாறும், சரசரவென்று கேட்கும். நிறம் மாறத் தொடங்கினால் அரை நிமிடத்தில் பொன்னிறம் பழுப்பாகிவிடும். நாங்கள் இறக்குவது காப்பிக் கொட்டைக்குக் கொஞ்சம் முந்திய நிறத்தில். இறக்கியதும் வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். தாச்சியின் சூட்டிலேயே விட்டால் கருகிக் கசக்கும்.

பாணை எறிவது அந்த வீட்டில் நடக்காத காரியம். துண்டு கீழே விழுந்தால் சிஞோரா எடுத்து முத்தமிட்டுத்தான் மேசையில் வைப்பார். பாணைக் கவிழ்த்து வைத்தால் எழுந்து வந்து நிமிர்த்துவார். என் அம்மம்மா, சிந்திய நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். முதல் தடவை சிஞோரா அந்தத் துண்டை முத்தமிட்டதைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

மீன் போட்ட பாஸ்தா என்று ஒன்று சொல்வீர்களே, அது எப்படி?

சாளை மீன் பாஸ்தா. பலெர்மோவின் அடையாளமே அதுதான். காட்டுப் பெருஞ்சீரகம் தழைக்கும் வசந்த காலத்தில், பல்லாரோ சந்தையில் அதைக் கட்டுக் கட்டாகக் குவித்து வைத்து ராகம் போட்டுக் கூவி விற்பார்கள்.

நான்கு பேருக்கு: அரைக் கிலோ சாளை, 300 கிராம் பெருஞ்சீரகத் தழை, ஒரு வெங்காயம், உப்பில் ஊறிய நெத்தலி நான்கு, உலர்திராட்சை, பைன் கொட்டை இரண்டும் ஒவ்வொரு பிடி, குங்குமப்பூ ஒரு சிட்டிகை. 'புக்காத்தினி' என்ற துளையுள்ள தடித்த பாஸ்தா 400 கிராம். தழையை உப்புத் தண்ணீரில் அவித்து எடுத்து நறுக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பாஸ்தா வேக வேண்டியது அதில்தான். ஒலிவ் எண்ணெயில் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, நெத்தலியைப் போட்டு மசித்தால் கரைந்து மறைந்துவிடும். பிறகு திராட்சை, பைன் கொட்டை, தழை, கொஞ்சம் வெந்நீரில் கரைத்த குங்குமப்பூ. முள் எடுத்து விரித்த சாளையைக் கடைசியில் போட்டு ஐந்து நிமிடம். பாஸ்தாவோடு பிரட்டி, மேலே வறுத்த பாண்தூளைத் தூவுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டுச் சாப்பிட்டால்தான் எல்லாம் ஒன்று சேரும்.

மீனும் திராட்சையுமா என்று முகம் சுளிக்காதீர்கள். நானும் சுளித்தேன். மூன்றாவது வாயில் அது போய்விட்டது.

மீன் வாங்கக் காசில்லாதபோது சாளை தவிர மற்றதெல்லாம் போட்டு இதையே செய்வார்கள். அதற்குப் பெயர் 'கடலில் இருக்கும் சாளையோடு பாஸ்தா'. வறுமையில் வைத்த பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. சாளையை விரித்து, பாண்தூளும் திராட்சையும் பைன் கொட்டையும் வைத்துச் சுருட்டி, இடையிடையே பிரிஞ்சி இலை போல ஒரு இலை செருகி வேகவைக்கும் பண்டம் ஒன்றும் உண்டு. பிரபுக்கள் 'பெக்காஃபிக்கோ' என்ற சின்னக் குருவியை அடைத்துச் சமைத்ததைப் பார்த்து, ஏழைகள் சாளையில் செய்துகொண்டது. வால் மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும், குருவி மாதிரி.

நம் ஊரில் கிடைக்கும் மரக்கறியில் செய்ய ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, சுரைக்கொழுந்து! எனக்கு மிகவும் பிடித்த பதில் இது.

வந்த முதல் கோடையில் சிஞோரா 'தெனெரூமி' வாங்கி வரச் சொன்னார். சந்தையில் காட்டிய கட்டைப் பார்த்தால், மெல்லிய மயிர் படர்ந்த இலை, சுருள் சுருளான பற்றுக்கம்பி. கையில் தொட்டதுமே தெரிந்துவிட்டது, எங்கள் வேலியில் படர்ந்த சுரைதான். இங்கே காய் கை நீளத்துக்கும் மேல் பச்சைப் பாம்பு மாதிரி வளரும், ஆனால் அதே சுரை இனம். நாங்கள் காயைத்தான் அதிகம் பார்த்தோம், இவர்கள் கொழுந்துக்காகவே கட்டு வாங்குகிறார்கள்.

ஒரு பெரிய கட்டு எடுத்து, நார்த் தண்டையும் முற்றிய இலையையும் நீக்கிவிட்டு, நன்றாக அலசி நறுக்குங்கள். உப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் அவியட்டும். பக்கத்து அடுப்பில் ஒலிவ் எண்ணெய், நசுக்கிய உள்ளி இரண்டு பல், தோல் உரித்த தக்காளி நான்கு, துளசி போன்ற பசிலிக்கோ இலை. தக்காளி குழைந்ததும் கீரைச் சட்டியில் கொட்டி, ஸ்பகெத்தியை விரல் கணு அளவுக்கு உடைத்து அதிலேயே போட்டு வேகவிடுங்கள். ரசத்துக்கும் கூழுக்கும் இடைப்பட்ட பதம். கொளுத்தும் ஆகஸ்டில்கூட இதை வெதுவெதுப்பாகச் சாப்பிடுகிறார்கள், உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்லி. ஒலிவ் எண்ணெய் கிடைக்காவிட்டால் வாசமில்லாத ஏதாவது எண்ணெயில் செய்யுங்கள். தேங்காயெண்ணெய் ருசியை மாற்றிவிடும்.

மிளகாய் போடலாமா?

போடலாம். தென் இத்தாலியில் மிளகாய் நிறையத் தின்பது கலாப்ரியாக்காரர். பலெர்மோவில் குறைவுதான். என் வீட்டில் செத்தல் மிளகாய் ஒன்றை எண்ணெயில் கிள்ளிப் போடுவேன். ஒரு தடவை சிஞோராவுக்கு உறைப்புக் குறைத்து உருளைக்கிழங்குக் கறி வைத்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் தின்றார். முடிந்ததும் பாணைப் பிய்த்துத் தட்டைச் சுற்றித் துடைத்து வாயில் போட்டார். அப்படித் துடைப்பதை இங்கே 'ஸ்கார்ப்பெத்தா', சின்னச் சப்பாத்து (காலணி), என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

தக்காளியை வருடம் முழுவதும் எப்படி வைத்துக்கொள்கிறார்கள்?

ஆகஸ்டில் குடும்பமே கூடித் தக்காளியை அரைத்துப் போத்தலில் அடைத்து, அண்டாவில் போட்டு அவித்து வைக்கும். தெற்கு இத்தாலி முழுக்க இது உண்டு. சிசிலியில் இதற்கு மேல் ஒன்று செய்வார்கள், 'ஸ்த்ராத்து'. வடிகட்டிய தக்காளிச் சாற்றில் உப்புப் போட்டு, மரப்பலகைகளில் பரப்பி வெயிலில் வைத்து, கையால் அடிக்கடி புரட்டிவிட வேண்டும். மாலையில் பனி படாமல் உள்ளே எடுக்க வேண்டும். சில நாளில் செங்கல் நிறத்துக்கு இருண்டு, களிமண் மாதிரி இறுகும். பத்துக் கிலோ தக்காளியில் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். மோர்மிளகாய் போட்டவர்களுக்கு இந்த வெயில் கணக்கு சொல்லாமலே புரியும். சிஞோராவின் தாய் வீட்டு மொட்டைமாடியில் ஈ ஓட்டுவது பிள்ளைகளின் வேலை. ஈ ஓட்டுகிற சாக்கில் ஓரத்தில் விரல் வைத்து நக்கியதாக, எண்பது வயதில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

செத்தவர்கள் பரிசு கொண்டுவரும் நாள் என்கிறார்களே?

நவம்பர் 2. ஒன்றாம் தேதி இரவு, அந்த வீட்டில் இறந்துபோனவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பண்டமும் விளையாட்டுச் சாமானும் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது சிசிலி நம்பிக்கை. பெற்றோர்தான் ஒளித்து வைப்பார்கள். காலையில் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்கு மேலும் தேடுவார்கள். கிடைத்த பிறகு எல்லோரும் பூவோடு கல்லறைக்குப் போவார்கள், நன்றி சொல்ல.

அன்றைக்கு இரண்டு இனிப்பு. ஒன்று, சீனிப்பாகை அச்சில் ஊற்றிச் சாயம் பூசிய பொம்மை. மற்றது 'மார்த்தொரானா பழம்': அரைத்த பாதாமும் சீனியும் சேர்த்துப் பிசைந்து, அத்தி, பீச், தோடை என்று அசல் பழம் போலவே செய்வது. பலெர்மோவில் மார்த்தொரானா என்ற கன்னியர் மடத்தில் இது பிறந்ததாகச் சொல்வார்கள். பீச் பழத்தின் மேல் உள்ள பஞ்சுகூடத் தெரியும். கடிக்க மனம் வராது.

சிஞோரா சொன்ன ஒரு நவம்பர் எனக்கு மறக்காது. 1943 மே மாதம் பலெர்மோவில் பெரிய குண்டுவீச்சு நடந்தது. அவருக்கு அப்போது ஏழு வயது. பாட்டி அதில் செத்துப்போனார். அந்த நவம்பரில் சீனி இல்லை, பாதாமும் இல்லை. இரண்டாம் தேதி காலையில் தலையணைக்குக் கீழே காய்ந்த அத்திப்பழம் ஐந்து, ஒரு துணியில் முடிந்து கிடந்தது. துணி பாட்டியின் கைக்குட்டை. "அம்மாதான் வைத்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாட்டி வந்தார்," என்றார் சிஞோரா.

ஒன்றாம் தேதி இரவு துருவலை எடுத்து ஒளித்து வைக்க வேண்டும். குழப்படி செய்த பிள்ளைகளின் காலைச் செத்தவர்கள் அதனால் துருவிவிடுவார்களாம். வீட்டில் பிள்ளைகள் யாரும் இல்லாத வருடங்களிலும், அன்றைக்குத் துருவலை மாப் பெட்டிக்குள் வைக்கச் சொல்வார். நானும் வைப்பேன்.

டிசம்பரில் ஒரு நாள் பாண் சாப்பிட மாட்டார்களாமே?

டிசம்பர் 13, புனித லூசியா திருநாள். 1646இல் பஞ்சம் வந்து, லூசியாவை வேண்டியபோது கோதுமைக் கப்பல் துறைமுகத்துக்கு வந்ததாகவும், பசி தாங்காமல் அரைக்காமல் அப்படியே அவித்துத் தின்றதாகவும் கதை. அதை நினைத்து அன்றைக்குப் பாணும் பாஸ்தாவும் இல்லை. அவித்த முழுக்கோதுமையில் இனிப்பு ரிக்கோட்டா (ஒரு மென்மையான சீஸ்) கலந்த 'குச்சீயா', அப்புறம் 'அரஞ்சீனா'. அது குங்குமப்பூச் சோற்றுக்குள் இறைச்சியும் பட்டாணியும் வைத்து உருட்டிப் பொரிப்பது. பலெர்மோவில் உருண்டை, பெயர் பெண்பால். சிசிலியின் இன்னொரு நகரான கட்டானியாவில் கூம்பு, பெயர் ஆண்பால், 'அரஞ்சீனோ'. பலெர்மோவில் மாற்றிச் சொல்லிப் பார்க்காதீர்கள், திருத்திவிட்டுத்தான் விற்பார்கள்.

கத்தரிக்காய் 'கப்பொனாத்தா' செய்முறை வேண்டும்.

ஒரு கிலோ கத்தரிக்காயைச் சதுரமாக வெட்டி, உப்பிட்டு ஒரு மணி நேரம் வடியவிட்டு, துடைத்துப் பொரியுங்கள். செலரித் தண்டு நான்கை நறுக்கி ஒரு கொதி அவித்துக்கொள்ளுங்கள். வெங்காயம் வதக்கி, 300 கிராம் தக்காளி, 100 கிராம் பச்சை ஒலிவ், உப்பைக் கழுவிய கேப்பர் மொட்டு இரண்டு கரண்டி, செலரி எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். பிறகு கத்தரிக்காய். இரண்டு மேசைக்கரண்டி சீனியை ஒரு சின்னக் காப்பிக் கோப்பை வினாகிரியில் கரைத்து ஊற்றி, நெடி அடங்கும் வரை கிளறி இறக்குங்கள். அன்றைக்கே தின்னக்கூடாது. மறுநாள், ஆறியபடி, பாணோடு.

சிஞோராவின் பிள்ளைகள் இப்போது இதையெல்லாம் செய்கிறார்களா?

மகள் தூரினில் இருக்கிறார். அம்மா இருந்தவரை அவருக்குச் சமைக்க நேரமிருக்கவில்லை. வேலை, பிள்ளைகள், தூரம். சிஞோரா போன அடுத்த கோடையில் ஒரு மாலை தொலைபேசியில் கூப்பிட்டார். கப்பொனாத்தா செய்கிறாராம், அம்மாவுடையது மாதிரி வரவில்லையாம், மூன்றாம் தடவையாம். வினாகிரி எவ்வளவு என்று கேட்டார். அம்மாவின் காப்பிக் கோப்பையில் ஒன்று என்றேன். எந்தக் கோப்பை என்று கேட்டார். நீலக் கரை போட்டது, காது கொஞ்சம் உடைந்தது, வீட்டைக் காலி செய்த அன்று நீங்கள்தானே என்னிடம் தந்தீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், அதில் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, கோப்பையை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, மகனின் பால் அளக்கும் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். 80 மில்லிலீற்றர்.